தையல் மெஷினுக்கு விலை ஏற்றியது யார் என்பது பற்றி

என் பெயரும் வீட்டு எண்ணும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டதால் இங்கே மறுபடி எழுதவில்லை. வயது நாற்பத்தெட்டு. படிப்பு, எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவு. தொழில், பழைய வீட்டுச் சாமான்களை வாங்கி விற்பது. என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து கிடங்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒரே இன்டர்நெட் இணைப்பில் இருந்து வருகிறோம். நான் மூத்த மருமகள். இந்தப் புகாரில் குற்றம் சாட்டப்பட்டிருப்பவள் என் கொழுந்தனின் மனைவி, அதாவது என் ஓரகத்தி. இனி அவளை இளையவள் என்றே சொல்கிறேன். வீட்டில் நான் அவளை மேனேஜர் என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த சூட்டோடு சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டினாள். உப்பு டப்பாவிலும் ஒட்டினாள், இத்தனை வருடம் நாங்கள் சாப்பிட்டது என்னவென்று எங்களுக்குத் தெரியாதது போல.

வீடு காலி செய்பவர்களிடமிருந்து மொத்தமாகச் சாமான் வந்து இறங்கினால், கட்டில் பீரோ போன்ற கனமானவற்றை ஆண்கள் கடையில் விற்பார்கள். மீதியைக் கிடங்கின் நடுவில் பரப்பி வைத்து, நானும் இளையவளும் ஆளுக்கு ஒன்றாக மாறி மாறி எடுத்துக்கொள்வோம். ஒருமுறை வேண்டாம் என்று தள்ளிய பொருளை மறுபடி கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. அதன் பிறகு அவரவர் பங்கை அவரவர் செல்போனில் படம் எடுத்து ஏலத் தளத்தில் போடுவோம். அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம், நேரம் முடியும்போது அதிக விலை கேட்டிருப்பவருக்குப் பொருள் போகும். கேட்பவரின் பெயர் விற்பவருக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. முதல் எழுத்து மட்டும் தெரியும், மிச்சத்தை நட்சத்திரப் புள்ளி வைத்து மறைத்துவிடுவார்கள்.

இளையவள் போட்ட சாமான் எதுவாக இருந்தாலும் போட்ட வேகத்தில் ஆள் வந்து நின்றது. ஜன்னலோரம் நீலப் போர்வையை விரித்து, அதன்மேல் பொருளை வைத்து, கீறல் இருந்தால் கீறலையும் தனியாகப் படம் எடுத்துப் போடுவாள். நான் தரையில் வைத்து எடுப்பேன். ஒரு மேசை விளக்கை எடுத்தபோது என் கால் கட்டைவிரலும் படத்தில் விழுந்துவிட்டது. அதற்கு ஒருவர், விளக்கோடு காலும் சேர்த்தா என்று கேட்டு எழுதினார், அதைத் தவிர அந்த விளக்கை யாரும் எதுவும் கேட்கவில்லை. இளையவளுக்கோ வாங்கியவர்கள் எல்லாம் பாராட்டு எழுதினார்கள். சொந்தத் தங்கை கொடுத்த மாதிரி பொதிந்து கொடுத்தார் என்று ஒருவர் எழுதியதை என் மாமியார் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். தன் கண்ணாடியை எங்கே வைத்தார் என்று தெரியாதபோது என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, தம்பி பெண்டாட்டி கை வைத்தால் குப்பைகூட விலை போகிறது என்று சொன்னார். நான் அவருக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டேன். விக்கல் எடுத்தது, அப்போதும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று மத்தியானமே அதே தளத்தில் மகாராணி என்ற பெயரில் இன்னொரு கணக்குத் திறந்தேன். எனக்கு யாரும் உதவி செய்யவில்லை, போனில் வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது. இளையவளின் பொருளை நானே அதிக விலைக்கு ஏலத்தில் எடுத்துவிட்டு, பிறகு வாங்க வராமல் இருந்துவிட வேண்டும், அவளுடைய பொருள் அவளிடமே கிடந்து தூசி படிய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். முதலில் ஒரு சுவர்க் கடிகாரத்துக்குக் கேட்டேன். நான் கேட்டதும் எதிரில் ஒருவர் கூட்டிக் கேட்டார், நான் இன்னும் கூட்டினேன், அவரும் கூட்டினார். நேரம் முடியப் போகும்போது, உண்மையிலேயே என் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன். கடிகாரம் அவருக்கு நல்ல விலைக்குப் போயிற்று. அடுத்து ஒரு மேசை விசிறி, அதன் பிறகு ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் ஜோடி, எல்லாம் அப்படியே நடந்தது. அவளைக் கவிழ்க்க நான் செய்த ஒவ்வொன்றும் அவளுக்கு லாபமாகவே முடிந்தது. வயிறு எரிந்தது எனக்கு, அடுப்பு எரிந்தது அவளுக்கு. அது தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை.

அதன் பிறகு ஒரு தையற்காரர் வீட்டுச் சாமான்களோடு காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று வந்தது. முதலில் எடுக்கும் முறை என்னுடையது. சக்கரம் சுற்றவில்லை என்று நான்தான் தள்ளினேன். இளையவள் அதை எடுத்து, உள்ளே சிக்கியிருந்த நூல் பந்தைக் குறடால் இழுத்து, எண்ணெய் விட்டு, சாயங்காலத்துக்குள் சுற்ற வைத்துவிட்டாள். அதன் சத்தம் நான் படுத்திருந்த அறைவரைக்கும் கேட்டது. ஏலம் ஆரம்பித்ததும் அந்த மெஷினுக்கு வேறு எதற்கும் வராத கூட்டம் வந்தது. நான் தள்ளிய மெஷின் என்பதால் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி நாள் நாங்கள் இருவரும் கூடத்தில் அருகருகே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். என் போன் என் மடியில் இருந்தது, அவளுடைய போன் அவள் மடியில் இருந்தது. நான் கண்ணைத் துடைக்கிற சாக்கில் விலை கூட்டினேன். இளையவள் தன் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, ‘ம’ன்னு யாரோ ஒருத்தங்க விடாம கேக்கறாங்க. பாவம், ரொம்ப ஆசை போல.”

“ஆசப்பட்டவங்களுக்கே கெடைக்கட்டும்டி மேனேஜர்,” என்றேன்.

எதிரில் கேட்டவர் இந்தப் புகாரைக் கொடுத்திருக்கும் தையல்காரம்மா. அவர் விடவில்லை. நான் வழக்கம்போலக் கடைசியில் விலகிக்கொண்டேன். மெஷின் அவருக்குப் போயிற்று. அவர் தன் கடைக்கு இரண்டாவது மெஷின் வாங்க வைத்திருந்ததற்கு மேலே கைமாற்று வாங்கித்தான் எடுத்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது, இங்கே வந்த பிறகுதான் அவர் சொல்லக் கேட்டேன்.

அதன் பிறகு தையல்காரம்மா தன் கடைக்கு மேலும் சாமான் பார்க்கலாம் என்று இளையவளின் பழைய ஏலங்களைத் திறந்து பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் அதே ‘ம’ வந்து விலையை ஏற்றிவிட்டுக் கடைசியில் காணாமல் போயிருப்பதைக் கவனித்துத் தளத்துக்கு எழுதினார். தளத்தார் சோதித்தபோது, விற்பவளும் விலை ஏற்றியவளும் ஒரே வீட்டு இன்டர்நெட்டில் இருந்து வருவது தெரிந்தது. நான் வேறு போன் என்றால் வேறு ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். தளத்தார் இளையவளின் பக்கத்தைப் பூட்டி, ஆள் வைத்துப் போலி விலை ஏற்றிய விற்பனையாளர் என்று சிவப்பில் எழுதிப் போட்டார்கள். பாராட்டு எழுதியவர்களே அதன் கீழே வந்து திட்டி எழுதினார்கள். தங்கை என்று எழுதியவர், இனி இந்தத் தளத்தில் குண்டூசிகூட வாங்க மாட்டேன் என்று எழுதினார். தையல்காரம்மா இங்கே போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுத்தார்.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை. அந்தத் திட்டுகளை யாரும் கேட்காமலே நான் எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்தேன்.

அதன் பிறகு இளையவள் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, வீட்டில் யாராவது விளையாட்டுக்குச் செய்தீர்களா என்று ஒரே ஒருமுறை கேட்டாள். ஆண்கள் இல்லை என்றார்கள். நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் கிடங்குவரைக்கும் வந்தால் ஆண்களின் தொழிலும் கெட்டுவிடும், அதனால் தானே விலை ஏற்றியதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் சொன்னாள். கொழுந்தன் வேண்டாம் என்று சண்டை போட்டார். என் கணவர் கண் கலங்கினார், என் பிரசவத்தின்போதுகூட அவர் கலங்கியதில்லை. மாமியார் இளையவளின் தலையைத் தடவி, “இந்த வீட்டுக்காக எவ இதச் செய்வா,” என்றார்.

அந்த இடத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. நல்ல போட்டோ அவளுக்கு, பாராட்டு அவளுக்கு, மெஷின் அவளுக்கு. இப்போது நான் கஷ்டப்பட்டுச் செய்த தப்பையும் அவளே எடுத்துக்கொண்டு அதிலும் நல்ல பெயர் வாங்குகிறாள். என்னுடையது என்று இந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். மனசாட்சி உறுத்தியதா என்று அதிகாரி கேட்டார். அதுவும் இருந்திருக்கலாம், ஆனால் முன்னால் வந்தது இதுதான் என்று சொன்னேன்.

ஆகையால் இன்று காலை இளையவள் இங்கே வரக் கிளம்பியதும் நானும் அடுத்த ஆட்டோவில் ஏறி வந்தேன். உள்ளே மேசைக்கு ஒரு பக்கம் இளையவள் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். மறு பக்கம் தையல்காரம்மாவும் தளத்தின் கம்பெனியிலிருந்து வந்த ஒருவரும் இருந்தார்கள். இப்படிப்பட்ட புகார்கள் பல ஊரிலிருந்தும் வருகின்றன, ஆட்கள் தளத்தைவிட்டு விலகிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் அதிகப்படியாக வாங்கியதைத் திருப்பித் தந்து சமாதானம் செய்ய வந்திருக்கிறோம் என்று கம்பெனிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா அவரை நிறுத்தினார்.

“பணத்தக் குடுப்பீங்க, சரி. நாளைக்கு நான் விலை கேக்கும்போது எதிர்ல நிக்கறது மனுஷனா பேயான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எதிரா கை தூக்குனது யாரு, அதச் சொல்லுங்க முதல்ல.”

நான் வாசலில் நின்றபடியே கையைத் தூக்கினேன். நான்தாங்க என்றேன். இளையவளின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. தையல்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டார். ஊசியில் நூல் கோக்கவே யாரையாவது கூப்பிடுவேன் என்று சொன்னேன். பிறகு எதற்கு அந்த மெஷின் என்று கேட்டார். இளையவள் முன்னாலேயே, “பொறாமைங்க,” என்று சொன்னேன். அந்தச் சொல்லை நான் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதன் பிறகு நான் மேலே உள்ளதையெல்லாம் சொன்னேன். மகாராணி கணக்கைத் திறந்து காட்டினேன். கம்பெனிக்காரர் சரிபார்த்து, இதுதான் என்றார். தெருவில் ஏலம் போட்டால் கை தூக்குகிறவளை நாலு பேர் பார்ப்பார்கள், நீங்கள் பெயரை மூடி வைத்ததால்தான் எனக்குத் தைரியம் வந்தது, மகாராணி என்பதற்குப் பதில் என் சொந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்றிருந்தால் இளையவளின் தாழ்ப்பாளுக்குக்கூடக் கேட்டிருக்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். பெயரைத் திறந்துவிட வேண்டும் என்று தாங்களும் பேசிவருவதாகவும், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதற்குச் சம்மதிப்பதில்லை என்றும், தளம் முழுவதற்கும் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் அவர் சொன்னார். நடந்ததை இளையவளின் பக்கத்திலேயே எழுதி, நான் கேட்ட ஒவ்வொரு விலையையும் அடையாளம் வைத்துக் காட்டி, வாங்கியவர்களுக்கு வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தால், பூட்டைத் திறக்கலாம் என்றார். வித்தியாசத்தை என் பங்கிலிருந்து கொடுக்கச் சம்மதித்தேன். அப்படி எழுதினால் புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தையல்காரம்மா சொன்னார். மெஷின் நன்றாக ஓடுகிறது, அதைத் திருப்பித் தர மாட்டேன் என்றும் சொன்னார்.

கம்பெனிக்காரர் அங்கேயே எழுதி வாசித்தார். அதில், குடும்ப உறுப்பினர் ஒருவர் தவறுதலாகச் செய்தது என்று இருந்தது. தவறுதலாக இல்லை, தெரிந்துதான் செய்தேன், ஒருவர் என்றும் போட வேண்டாம், என் பெயரையே போட்டு, ஓரகத்தி மேல் உள்ள பொறாமையால் என்று காரணத்தையும் போடுங்கள் என்று கேட்டேன். அதுவரை வாய் திறக்காத இளையவள் அப்போதுதான் பேசினாள்.

“பேரெல்லாம் வேணாங்க்கா. ஊரே படிக்கும்.”

“ஒருத்தர்னு போட்டா, அது நீதான்னு நெனச்சுக்குவாங்க. என் பேரப் போட்டாத்தான் உன் பக்கத்துல மறுபடி ஆள் வரும்.”

“உங்கள அசிங்கப்படுத்தி எனக்கு ஆள் வர வேணாம்.”

“போதும்டி. இன்னிக்கு ஒரு நாளாவது என்னவிட நல்லவளா இல்லாம இரு.”

அவள் அழுதாள், சிரித்தாள், எது முதலில் என்று நான் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர் நான் சொன்னபடியே திருத்தினார்.

இதை எனக்கு முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்துக் காட்டினார்கள். பொறாமை என்று வரும் இடம் ஒன்றையும் நான் நீக்கச் சொல்லவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இளையவள் மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்தாள், அது வற்புறுத்தலில் சேராது என்று அதிகாரி சொன்னார். சொன்னதெல்லாம் நடந்தது, நடந்ததெல்லாம் சொன்னேன். இளையவளுக்கு இதில் பங்கு இல்லை, கொடுக்கவும் மாட்டேன்.

(கையெழுத்து)
மூத்தவள், சொந்தப் பெயரில்