ஓடைக்கு அப்பால் சங்கு

இரண்டாவது நாளும் சங்கு கேட்டபோது நான் இலையில் சுடுகிற லாப்லாப்புக்கு வாழைக்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவியின் முள் விரலில் பட்டுக் கொஞ்சம் ரத்தம் வந்தது. வாழைக்காய் வழுக்கும், யாருக்கும் நடப்பதுதான். எட்னா அத்தை பார்த்துவிட்டு, "கையில உசிர் இருக்கா இல்லையாடி உனக்கு? திங்கிறதுல ரத்தத்தைக் கலக்காத," என்றாள். நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சங்கு மறுபடி ஊதியது. நடுவில் உடைந்து, நின்று, பிறகு தொடர்ந்தது.

"அண்ணன் சடங்கை இன்னும் முடிக்கல போல," என்று சொல்லிவிட்டு அத்தை தேங்காய்ப் பாலைப் பிழிந்தாள்.

அக்கா, நீங்கள் நோட்டை மூடிவிட்டீர்கள். அது மூடியே இருக்கட்டும். காலையில் கப்பல் வந்தால் நீங்கள் தலைநகர் விலாவுக்குப் போய்விடுவீர்கள். போலீஸ் சீருடையைக் கழற்றிவிட்டு எங்கள் அத்தையின் பாவாடையைக் கட்டிக்கொண்டு நீங்களும் தூங்காமல் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன். சீருடையில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

கல்ரோங்கோ ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் தப்பில்லை. விழுந்ததும் உண்மை, இறந்ததும் உண்மை. நடுவில் மூன்று நாள் இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

கல்ரோங்கோ என் அப்பாவுக்கும் எட்னா அத்தைக்கும் அண்ணன். அப்பா கடலில் இறந்துபோனபிறகு எனக்கு இருந்த ஒரே பெரியப்பா. ஓடைக்கு அந்தப் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனையில் தனியாக இருந்தார். போன் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் லமேரியில் மற்றக் கடலோர மண்ணெல்லாம் கைமாறிவிட்டது. வேலி வேலியாக இருப்பதை நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். முனை மட்டும்தான் மிச்சம். மிஸ்டர் கிரெக் என்ற வெளிநாட்டுக்காரர் அங்கே ஹோட்டல் கட்டுவதாக இருந்தார். குடும்பத்தில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆறாவது கையெழுத்து பெரியப்பாவுடையது.

"எழுபத்தஞ்சு வருசக் குத்தகைதானே பெரியப்பா. அப்புறம் மண்ணு திரும்ப வந்துரும்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வரும். வாங்கிக்க நீ இருப்பியா?"

"எனக்குத் தொண்ணூத்தொண்ணு வயசு இருக்கும்."

"அப்ப பல்லு இல்லாம வந்து வாங்கிக்க," என்றார். வாயை மடித்துக் கிழவி மாதிரி பேசிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

என் அம்மா ஆஸ்திரேலியாவில் தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறாள். ஆறு மாதம் என்று போனாள். இப்போது நான்காவது வருஷம். எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பழம் பறிக்க இத்தனை பேர் போனபிறகு சர்ச் பாட்டுக்குழுவில் கட்டைக்குரலுக்கு ஆள் கிடையாது. கால்பந்துக்குப் பதினோரு பேர் சேரவில்லை என்று போன வருஷம் போதகரே கோலில் நின்றார். நான்கு கோல் வாங்கினார். இருக்கிறவர்களும் உட்கார்ந்தால் எழுந்திருக்கிறார்கள், எழுந்தால் போனைப் பார்க்கிறார்கள், அடுத்த பட்டியலில் பேர் வந்ததா என்று. நானும் அப்படித்தான். ஒரு பாய்மேல் முழுசாகப் பத்து நிமிஷம் உட்கார என்னால் முடியாது.

எப்போது வருவாய் என்று கேட்டால் அம்மா ஒரே பதில்தான் சொல்வாள். "அங்க வேலை இருந்தா நான் எதுக்குடி இங்க கிடக்கிறேன்?"

எனக்கு அது போதுமாக இருந்தது. ஊரில் வேலை வந்தால் அம்மா வருவாள்.

மிஸ்டர் கிரெக் சந்தைக் கொட்டகையில் ஒரு பலகை மாட்டினார். ஹோட்டலில் என்னென்ன வேலை, யார் யாருக்கு வேண்டும், பேர் எழுதுங்கள் என்றார். துணி வெளுக்கிற இடத்தில் முதல் பேராக அம்மா பேரை எழுதினேன். ரோலின். கையெழுத்து நன்றாக வரவேண்டும் என்று இரண்டு தடவை காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு எழுதினேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஆறாவது கையெழுத்து வராவிட்டால் வேறு தீவுக்குப் போய்விடுவோம் என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல மனிதர். யாரையும் மிரட்டவில்லை.

பெரியப்பாவும் கெட்டவர் இல்லை. ஆட்கள்தான் அவரைக் கெடுத்தார்கள். காலையில் அத்தை கூடையில் சாப்பாடு கொண்டுபோவாள். சாயங்காலம் மேட்டுப் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் காவா வேரைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்க் குடிக்க உட்காருவார்கள். "உன் ஒரு கைதான்யா ஊரைப் பிடிச்சு வச்சிருக்கு," என்பார்கள். அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? ஐந்து நாள் யாரும் போகாமல் இருந்தால் அவரே யோசிப்பார் என்று எனக்குத் தோன்றியது. வெறும் யோசனைக்குத்தான் நேரம் கொடுக்க நினைத்தேன்.

நீங்கள் வேறு தீவு. உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் ஊரில் தடை போடுகிற நமேலே ஓலையைத் தலைவர்கள்தான் கட்டவேண்டும். இரண்டு கம்பை நட்டு ஓலையைக் கட்டிவிட்டால் அந்த மண்ணில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். படகில் சுற்றிப் போய் இறங்கினாலும் அதே குற்றம்தான், ஏனென்றால் தடை வழிக்கு இல்லை, மண்ணுக்கு. மீறினால் பல் வளைந்த, விலைகூடின பன்றி கொடுக்கவேண்டும். யார் கட்டினார்கள் என்று வாய்விட்டுக் கேட்பதும் மரியாதை இல்லை. ஒரு பெண்பிள்ளை அதைத் தொடுவாள் என்று யாருக்கும் கனவில்கூட வராது. அதனால்தான் சுலபமாக இருந்தது.

ஆண்கள் காவா குடிக்கிற நகமாலுக்குப் பின்னால் நமேலே செடி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சில் இருந்தார்கள். வயிற்றுவலி என்று வெளியே வந்தேன். வெட்டுவது கீரை வெட்டுகிற மாதிரிதான் இருந்தது. இடி இடிக்கும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். ஓடைக்கரையில் கம்பை நட்டு ஓலையைக் கட்டிவிட்டுக் கடைசிப் பாட்டுக்குள் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அத்தை கூடையோடு போனாள், கூடையோடு வந்தாள். "ஓடையில ஓலை கட்டியிருக்கு," என்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சாயங்காலம் காவாக்காரர்களும் திரும்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் தானாகவே நடந்தது, நான் எதுவும் செய்யவில்லை. கடற்பக்கத்து ஆட்கள் மேட்டுத் தலைவர் போய்லபாதான் நிலத்தை மூடிவிட்டார் என்றார்கள். போய்லபா நில வழக்குக்காக விலாவில் இருந்தார். மேட்டுப் பக்கத்து ஆட்கள் கடற்பக்கத்துத் தலைவர் மசோய்தான் கிழவரைத் தனியாக்கக் கட்டினார் என்றார்கள். மசோய் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஊர் தன்னைப் பார்த்துப் பயப்படுவது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம்தான் முதல் சங்கு.

நிலத்தை யாரும் வராதபடி மூடினால் சடங்காகச் சங்கு ஊதுவது உண்டு. ஆகவே கடற்பக்கம், "கெழவன் மூடுறான், ஊதட்டும்," என்றார்கள். மேட்டுப் பக்கம், "மசோய் ஓலைக்கு எங்காளு சங்கால பதில் சொல்றாரு பாரு," என்று சந்தோஷப்பட்டார்கள். அத்தைக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

"அண்ணன் இப்படி விட்டு விட்டு ஊத மாட்டாரே," என்றாள்.

"வயசாயிருச்சுல்ல அத்த," என்றேன். அவள் தலையாட்டினாள்.

ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. யாரும் எதையும் மூடவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நான் யோசிக்காமல் இல்லை. சொன்னால் யார் கட்டினது என்ற கேள்வி வரும். அத்தை ஊரில் தலைகாட்ட முடியாது. அவளிடம் இருப்பது ஒரே பன்றி, அதற்குப் பல்லும் வளையவில்லை. பெரியப்பாவின் குடிசையில் சேப்பங்கிழங்கு இருந்தது, மழைத்தண்ணீர் பீப்பாய் இருந்தது. சங்கு ஊதுகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்றுதானே அர்த்தம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை இப்படி நினைத்துக்கொண்டு லாப்லாப் சாப்பிட்டேன். நன்றாக வந்திருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஓலையை அவிழ்க்கப் போனேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வியாழக்கிழமை விடியும்போது ஒரு தடவை கேட்டது. அதற்கப்புறம் இல்லை. "ஒருவழியா முடிச்சாருப்பா," என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மிஸ்டர் கிரெக் காகிதங்களோடும் நிலம் அளக்கிற இரண்டு பேரோடும் வந்தார். ஓலையைப் பார்த்து, "என்ன இது, திருவிழாவா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு ஒரு எட்டில் தாண்டிப் போனார். எத்தனை சுலபம் பாருங்கள். அவர்தான் பெரியப்பாவைக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுததாகச் சொன்னார்கள்.

அந்த இடத்தை நீங்கள் நாடா பிடித்து அளந்தீர்கள் அக்கா. ஓலையிலிருந்து ஒன்பது அடி. இடுப்பு எலும்பு உடைந்த மனிதர் மரத்தடியிலிருந்து அந்த இடத்துக்குச் சங்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்திருக்கிறார். அடர்ந்த புதருக்குள், இலை இடுக்கில் ஓலை கண்ணில் படுகிற இடம் வரைக்கும் வந்திருக்கிறார். ஓடையில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. ஏன் அங்கேயே நின்றுவிட்டார் என்று நீங்கள் எல்லோரையும் கேட்டீர்கள். பலம் தீர்ந்திருக்கும் என்று சொன்னார்கள். அவரும் எங்கள் ஊர்க்காரர் அக்கா. அவரும் ஓலையைத் தாண்டமாட்டார்.

பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். போய்லபா, தன் ஆட்களில் ஒருவன்தான் கட்டியிருப்பான் என்று உள்ளுக்குள் பயந்து ஒரு பன்றி கொடுத்தார். மசோயும் அதே பயத்தில் ஒரு பன்றி கொடுத்தார். இரண்டு பேரும் அத்தையின் கையில் வழக்கப்படி பாய்களை வைத்து அழுதார்கள். அத்தை இரண்டு பேரையும் மன்னித்தாள். குற்றம் தீர்ந்துவிட்டது என்று போதகர் ஜெபம் செய்தார். நான் எல்லோருக்கும் இலையில் கறி வைத்தேன்.

சனிக்கிழமை அம்மாவோடு பேசினேன்.

"பெரியப்பா போயிட்டாரும்மா."

"தெரியும்டி. எட்னா சொன்னா."

"தலைவர்ங்கிற முறையில மசோய் அவருக்குப் பதிலா கையெழுத்துப் போட்டுருவாராம். ஓட்டல் வருது. உன் பேரை மொதல்ல எழுதி வச்சிருக்கேன்."

அம்மாவுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"என் பேரை எங்கயும் எழுதாத லெய். நான் இங்கயே இருந்துக்கறேன்."

"வேலை இருந்தா வருவேன்னு சொன்னியே."

"போன்ல ஆயிரம் சொல்றதுதான். அதையெல்லாம் பிடிச்சு வச்சுக்குவியா?"

"அது யாரு குழந்தை?"

"போய்த் தூங்குடி," என்றாள். அப்போது மணி காலை பதினொன்று.

நான் அழவில்லை. சந்தைக்குப் போய்ப் பலகையில் அம்மா பேரை அழித்தேன். மையால் எழுதியிருந்ததால் முழுசாகப் போகவில்லை.

இப்போது புதன்கிழமை. உங்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்.

அவிழ்க்கத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். அன்று மத்தியானத்திலிருந்து கடல்காற்று. ஓடைக்கரைக்குப் போனபோது கம்புகள் இரண்டும் சாய்ந்து கிடந்தன. ஓலை கழன்று மணலில் பாதி புதைந்திருந்தது. நான் செய்ய வேண்டியதைக் காற்றே செய்துவிட்டிருந்தது. அத்தை தினமும் காலையில் அதுவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். ஓலை விழுந்து கிடப்பதைப் பார்த்திருந்தால் தாண்டி ஓடியிருப்பாள். நான் எதையும் தொடாமல் திரும்பி வீட்டுக்கு நடந்திருந்தால் போதும்.

அப்போது சங்கு ஊதியது. முந்தின நாளைவிடப் பக்கத்தில், புதருக்கு அந்தப் பக்கத்தில். என் காலடி கேட்டிருக்கும் போல.

"யாரது?" என்றார். "எட்னாவா?"

நான் தலை நிமிரவில்லை.

"யாரா இருந்தாலும் போயி ஆளைக் கூட்டிட்டு வாங்கப்பா," என்றார். கோபமே இல்லாமல், கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னார்.

முடிச்சைப் பற்றி நீங்கள் இரண்டு தலைவர்களையும் கேட்டீர்கள். இப்படி இரட்டை முடிச்சு யார் போடுவார்கள் என்று. தெரியாது என்றார்கள், அவர்களுக்குத் தெரியத்தான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் போட்டது ஒற்றை முடிச்சு.

கம்புகளை நிமிர்த்தி ஆழமாக நட்டேன். ஓலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன். காற்றுக்கு அவிழக்கூடாது என்று இரட்டை முடிச்சாகப் போட்டு, இழுத்துப் பார்த்தேன். அவிழ்க்கப் போனவள்தானே அக்கா நான்? பின்னே எதற்காக அதை எடுத்து மறுபடி கட்டினேன்?