எதிர்க்கடை டேங்கைவிட ஒரு சாண்

ஆடி மாதத்தின் இரண்டாம் செவ்வாய், காலை பத்தேகால் மணி. பெசன்ட் நகரிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பஞ்சர் கடைக்காரர். மற்றவர் காற்று டேங்க் செய்து தரும் வெல்டர்.

"எதிர்க்கடைக்காரன் டேங்கவிட என்னுது ஒரு சாண் ஒசரமா இருக்கணும், மாமா."

"சாண் கணக்குல எவன் டேங்க் செய்வான், நைனா? உன் மோட்டார் இன்னா?"

"பழைய ஒரு எச்.பி.தான்."

"அதுக்குப் பெரிய டேங்க் வெச்சா நெரம்பவே அரை மணி ஆவும். அதுவரிக்கும் ஆட்டோக்காரன் நிப்பானா?"

"இப்பவே எவனும் நிக்கல. எல்லாம் அவன்கிட்டதான் போறானுங்க. டேங்க் பெருசா தெரிஞ்சாதான் திரும்பி வருவானுங்க."

"அவன் டேங்க எப்பிடி அளந்த?"

"என் வண்டிக்குக் காத்து புடிக்கிற மாதிரி போய், கையால அளந்தேன்."

வெல்டர் சிரிக்கவில்லை. "அவன் மோட்டார் எத்தினி எச்.பி.?"

"அத்த பாக்கல. டேங்க் மேலதான் கண்ணு."

"அப்ப திரும்பப் போய்ப் பாத்துட்டு வா."

பஞ்சர் கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்பிடிப் போறது? ஒரு வாரமாச்சு. அவன் புடிச்ச காத்து இன்னும் எறங்கல."