அஸ்வினிக்கு அடுத்த பெயர்

விடுதிச் சாப்பாடு என் மகள் பூமிகாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் போன வருடம் எங்கள் வீட்டில் பெரிய கவலை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்த பிள்ளை, மீன் இல்லாமல் எப்படிச் சாப்பிடும்? பக்கத்து வீட்டுக் கங்கம்மாதான் வழி கண்டுபிடித்தாள். நெத்திலிக் கருவாட்டைத் தொக்காகக் கிண்டி டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள்.

"இத்த எடுத்துக்கினு போ அண்ணே. எம்பொண்ணு படிக்க வேண்டியத அதுவாச்சும் படிக்கட்டும்."

மாதம் தவறாமல் கொடுக்கிறாள். நானும் தவறாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், சார்.

கங்கம்மாவின் மகள் அஸ்வினி. அவளும் பூமிகாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எங்கள் ஊரில் பன்னிரண்டாவது முடித்த பெண்களை அடுத்த வாரமே கும்மிடிப்பூண்டி கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். என் மனைவி செல்வியும் அப்படிப் போனவள்தான். அந்தத் தூசியில் வாங்கிய இருமலோடுதான் இன்றும் தூங்குகிறாள். என் மகள் அந்த வேனில் ஏறக்கூடாது என்று அவள் பிறந்தபோதே முடிவு செய்துவிட்டேன். எந்தத் தகப்பனும் அப்படித்தான் நினைப்பான்.

இரண்டு பேரும் எக்ஸ்ரே, ஸ்கேன் படிப்புக்கு விண்ணப்பித்தார்கள். கடைசிச் சுற்றுக் கலந்தாய்வுக்கு வரும்போது அரசுக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு எங்கள் பிரிவில் மிஞ்சியது ஒரே இடம். தரவரிசையில் அஸ்வினியின் பெயர். அதற்கு அடுத்தது என் மகள் பெயர். தனியார் கல்லூரியில் சேர்க்க எனக்கு வசதியில்லை. பூமிகா கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கலந்தாய்வுக்கு முந்தின நாள் சான்றிதழ் நகல் எடுக்க அஸ்வினி அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. அப்பா இல்லாத பிள்ளை. என் படகில் ஏற்றிக்கொண்டேன். முகத்துவாரம் போகிற வழியில் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கமாகத் திருப்பினேன்.

"இன்னா மாமா, இப்டி சுத்திக்கினு போறீங்க?"

"அந்தாண்ட சேறு ஜாஸ்தியா கீது கண்ணு" என்றேன்.

ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுக்கிற நேரம் அது. எஞ்சினை அணைத்தேன். எஞ்சின் விசிறியில் வலை சிக்கியிருக்கிறது, எட்டிப் பார் என்றேன். எதுவும் சிக்கியிருக்கவில்லை. அவள் குனிந்ததும் நானும் அந்தப் பக்கம் போய் நின்றேன். படகு சாய்ந்தது. எங்கள் ஊரில் பையன்களை நடக்கும் முன்பே தண்ணீரில் போட்டுவிடுவோம். பெண்பிள்ளைகளுக்கு யாரும் நீச்சல் கற்றுக்கொடுப்பதில்லை. அது நம் தப்புதான்.

தண்ணீரில் விழுந்தவள் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் அடிக்கவில்லை, சார். அப்படி எழுதிவிடாதீர்கள். வலையில் மாட்டின நண்டை எடுப்பதுபோல, விரல் விரலாக, வலிக்காமல்தான் எடுத்துவிட்டேன். "மாமா, மாமா" என்றாள். அப்புறம் சொல்லவில்லை.

பிறகு நானும் குதித்து நனைந்துகொண்டு வந்தேன். அலை தூக்கியடித்ததாகச் சொன்னேன். ஊரே நம்பியது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. சாயங்காலம் உடல் மணல்திட்டில் ஒதுங்கியது. மறுநாள் அஸ்வினியை எடுப்பதற்கு முன்பே பூமிகாவைக் கலந்தாய்வுக்கு அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்று புரண்டு அழுதாள். கங்கம்மாதான், "போம்மா, அவளுக்கோசரம் போ" என்று அனுப்பிவைத்தாள்.

அன்றிலிருந்து நடு ஏரியில் நான் எஞ்சினை அணைப்பதில்லை. அணைத்தால் படகு விளிம்பில் விரல்கள் ஊர்கிற சத்தம் கேட்கிறது. டீசல் செலவு ஆகிறது என்று செல்வி திட்டுவாள். சத்தம் இருந்தால் எனக்குப் போதும்.

இன்று அஸ்வினியின் முதல் திதி. முகத்துவாரத்தில் பால் ஊற்ற வேண்டும் என்று கங்கம்மா கேட்டாள். முடியாது என்று எப்படிச் சொல்வேன்? அழைத்துப் போனேன்.

"எஞ்சின நிறுத்து அண்ணே. எம்பொண்ணாண்ட கொஞ்சம் பேசணும்."

நிறுத்தினேன். அவள் அதே இடத்தில் குனிந்து, அதே விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு பேசினாள். மகளைப் போலவே விரல்கள். என் கை தானாக நீண்டு அவள் சுண்டுவிரலைத் தொட்டுவிட்டது. தேற்றுகிறேன் என்று நினைத்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எதற்காக நீண்டது என்று எனக்கு மட்டும் தெரியும். கரையில் அவளை இறக்கிவிட்டு நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று எஞ்சினை அணைத்ததும், குனிவதற்கு முன்னால், அஸ்வினி ஒரு விஷயம் சொன்னாள்.

"மாமா, பூமிகாவாண்ட இப்ப சொல்லாதீங்க. நாளைக்கு நான் அந்த சீட்ட எடுக்கப்போறதில்ல. நர்சிங்ல எனக்கு எடம் கெடச்சிக்கீது, அத்த எடுத்துக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே ஆஸ்டல்ல இருந்துக்குவோம்."

காற்றுகூட இல்லை. தெளிவாகக் கேட்டது. நல்ல பிள்ளை, சார், தங்கமான பிள்ளை. ஆனால் சின்னப் பிள்ளைகள் பேச்சு நீர்மேல் எழுத்து. விடிந்ததும் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது? அதை நம்பி ஒரு தகப்பன் சும்மா இருந்துவிட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.