கணக்குப் புரோகிராமுக்குப் பிணை

கிளிநொச்சியில் புலிகள் பயண அனுமதி கொடுக்கும் பாஸ் வரிசை. வன்னியை விட்டுக் கொழும்புக்குப் போகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் பிணை நின்றால்தான் பாஸ். எனக்கு முன்னால் கண்ணாடி போட்ட கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்ற, வட்டக்கச்சியிலிருந்து வந்த அக்காவிடம் அவர் சொன்னார்:

"எங்கட கணக்குப் புரோகிராமுக்குத் தான் ஆரெண்டு சொல்லத் தெரியாது அக்கா. அதுக்கு நான்தான் பிணை."

"என்ன தம்பி, விசர்க்கதை?"

"அது கொழும்புக்கு ஈமெயில் அனுப்ப வேணும். அங்க பேரும் பாஸ்வேர்டும் கேக்கும். இது பழைய புரோகிராம், சொல்லாது. அதாலை நடுவில இன்னொரு கொம்பியூட்டரை வைச்சன். அது இதை வாங்கி, என்ர பேரைச் சொல்லி அங்கால அனுப்பிவிடும்."

"ஆர் குடுக்கினமெண்டு அது கேக்காதோ?"

"கேக்காது. எல்லாம் ஒரே கந்தோர்தானே."

"அப்ப ஆர் குடுத்தாலும் உம்மட பேரிலதான் போகும்?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"போனதுதான். 'பெரியவர் ஒரு மூளையில்லாத விசரன்' எண்டு ஆரோ என்ர பேரில கொழும்புக் கந்தோர்ப் பெரியவருக்கே அனுப்பிப்போட்டினம். அதை விளங்கப்படுத்தத்தான் கொழும்புக்குப் போறன்."

பாஸ் கொடுக்கிற மேசையில் இருந்தவர் அவரைக் கூப்பிட்டார். "உங்களுக்குப் பிணை ஆர்?"

"மாமா வாறனெண்டவர். இன்னும் காணேல்லை." திரும்பினார். "அக்கா, நீங்கள் ஒருக்கா உங்கட பேரைக் குடுங்கோவன்."

"நீர் ஆரெண்டே எனக்குத் தெரியாது, தம்பி. கேக்காமல் பேர் குடுக்க நானென்ன கொம்பியூட்டரே?"