அரசாங்கச் சாலையையும் தோட்டமென்று எண்ணி ஓட்டிய பெரிய கிராணி சபாபதி அவர்களுக்கு

ஜோகூர் நாட்டுக் கூலாய்ப் பகுதியிலுள்ள ஹெதர்வுட் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, கணக்கு அலுவலகத்தின் தலைவராக வீற்றிருந்து, இன்று பணி ஓய்வு பெறும் உயர்திரு. சபாபதி அவர்களின் சமுகத்திற்கு, அலுவலக ஊழியர்களும் கங்காணிமாரும் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் ஆண் பெண் அனைவரும் ஒன்றுகூடி, உள்ளம் நிறைந்த அன்போடும், எவ்வளவு அடக்கியும் அடங்காத ஆற்றாமையோடும் வாசித்தளிக்கும் மடல்.

கணக்கின் கண்ணே! கண்ணியத்தின் காவலரே! கடமையிற் கல்மலை ஒத்தவரே! கார் ஓட்டும் காரியத்தில் மட்டும் எங்கள் பொறுமைக்குக் கடவுள் வைத்த கடுஞ்சோதனையே! வணக்கம்.

இம்மடலை எழுதும்படி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியனாகிய என்னைப் பணித்தார்கள். தேனும் பாலும் தெளிதமிழும் கலந்து முதலில் ஒன்று எழுதினேன். அதில் தாங்கள் இமயமாகவும் இருந்தீர்கள், இளந்தென்றலாகவும் இருந்தீர்கள். தங்கள் மோட்டார் வண்டியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. அதை அலுவலகத்தில் வாசித்துக் காட்டியபோது யாரும் கை தட்டவில்லை. "வாத்தியாரே, இது வேற யாருக்கோ எழுதின மாதிரி இருக்கு" என்றார் சின்னக் கிராணி. ஆகவே அதைக் கிழித்துவிட்டு, இதை எழுதினோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் காலமெல்லாம் தொங்கப்போவது உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நேர்மையின் நிழலே! முதலில் தங்களுக்கு உரியதைச் சொல்லிவிடுகிறோம். இருபத்தாறு ஆண்டுகள் இத்தோட்டத்தின் பேர்ப் பதிவு தங்கள் கையில் இருந்தது. வேலைக்கு வந்தவன் பேர் விடுபட்டதில்லை, வராதவன் பேர் நுழைந்ததில்லை. ரப்பர் விலை அடிமட்டத்துக்கு விழுந்து, தோட்டந்தோட்டமாக ஆட்களைத் திரட்டி நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிய அந்தக் கொடிய காலத்தில், துரையின் மேசைக்கு முன்னே நின்று, விலை மறுபடி ஏறும்போது மரத்தை யார் வெட்டுவது என்று கேட்டவர் தாங்கள். தங்கள் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்து, போகவிருந்த குடும்பங்களில் பலவற்றை இங்கேயே நிறுத்தியவர் தாங்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இந்தக் கூடத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இதை நாங்கள் மறக்கமாட்டோம். மறக்க முடியாததால்தான் மற்றதைச் சொல்லும்போது எங்களுக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல்.

பிடிவாதத்தின் பிறப்பிடமே! பச்சை நிறத்துப் பழைய மோட்டார் ஒன்றைத் தாங்கள் வாங்கி வந்த நாளிலிருந்து எங்கள் நிம்மதி போயிற்று. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதற்குச் சந்தனம் பூசினீர்கள், சாமந்தி மாலை சூட்டினீர்கள், சக்கரம் நான்கிற்கும் எலுமிச்சை வைத்தீர்கள். சர்க்கார் கேட்ட லைசென்ஸ் ஒன்றை மட்டும் தாங்கள் வாங்கவே இல்லை. தோட்டத்துக்குள் ஓட்டும்வரை எவரும் அதைக் கேட்கப் போவதில்லை. ஆனால் நம் தோட்டமோ மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டாகக் கிடக்கிறது. இடையிலே ஓடுவது அரசாங்கச் சாலை. அதில் சற்றுத் தூரம் போனால்தான் கீழ் டிவிசனின் பால் கொட்டகைக்குத் திரும்ப முடியும். அந்தச் சற்றுத் தூரத்துக்குத்தான் லைசென்ஸ் வேண்டும் என்று தங்களிடம் சொல்லாதவர் இங்கே யாருமில்லை. சொன்னவர் அனைவருக்கும் கிடைத்த பதில் ஒன்றே: "ரெண்டு பக்கமும் நம்ம மரம். நடுவுல போற ரோடு மட்டும் எப்படிலா சர்க்காரு ரோடாகும்?"

அறிவிற் சிறந்த பெருந்தகையே! ஆயிரம் ஏக்கருக்கு வரைபடம் பார்த்து எல்லை சொல்லும் தங்களுக்கு, மரம் நம்முடையதானால் சாலையும் நம்முடையது என்ற இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? சாலையில் போலீஸ் மாத்தா ஒருவர் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினால், தங்களுக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்து, பதிலுக்குக் கை தூக்கிவிட்டு விரைந்து போவீர்களே! பின்னால் தோட்டத்து லாரியை ஓட்டி வரும் டிரைவர் செல்லப்பன் இறங்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டே பாதி மலாய் கற்றுக்கொண்டார்.

ஒருமுறை நாங்களே மனுப் போட்டு, படம் பிடித்து, நாள் வாங்கி, ஜோகூர் பாருவில் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குத் தங்களை அனுப்பிவைத்தோம். அல்பாக்கா கோட்டு அணிந்து மாப்பிள்ளை போலப் புறப்பட்டீர்கள். கூலாய் ரயில் நிலையத்தில் மாலையோடு காத்திருந்தோம். நடந்தது பிறகுதான் தெரிந்தது. அங்கே கொடுத்த வண்டியை முன்னால் அழகாக ஓட்டினீர்களாம். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லியிருக்கிறார் அதிகாரி. "பின்னால போற பழக்கம் எனக்கு இல்ல" என்று சொல்லி இறங்கி, ரயிலேறி வந்துவிட்டீர்கள். தோட்டத்துச் சாலைகள் எல்லாம் வளைந்து சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேருவதால், பின்னால் எடுக்கும் தேவை தங்களுக்கு அதுவரை நேரவே இல்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் செல்லப்பன் ஒரே வாரத்தில் பழக்கியிருப்பார். தாங்கள் சொல்லவில்லை. வாங்கிய மாலையை முருகனுக்குச் சாத்தினோம்.

அதன் பிறகு, மோட்டார் வைத்திருப்பவர் எவராயினும் பிறருக்கு நேரும் சேதத்துக்காக இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்ற விதியும் வந்தது. ஏஜெண்டு ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் கேட்டது லைசென்ஸை. தாங்கள் அவருக்குக் காப்பி கொடுத்து, "நான் எவனையோ இடிக்கப் போறேன்னு இப்பவே பணம் கட்டச் சொல்றீங்களா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா அபசகுனமா பேசாதீங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஓராண்டுக்கு அவர் கேட்ட தொகை, அந்த வண்டியின் பித்தளையைத் துலக்கத் தாங்கள் செலவிட்டதைவிடக் குறைவு. ஐயா, இதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு அந்தக் காலையும் வந்தது. எதிரே வந்த லாரி மறைத்ததால் பால் கொட்டகைக்குத் திரும்பும் வழியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பத்தடி பின்னால் எடுத்திருந்தால் போதும். எடுக்கத் தெரியாது. சாலையின் குறுக்கே வண்டியை வளைத்துத் திருப்பினீர்கள். வண்டி மறு ஓரத்துப் புல்லில் ஏறியது. அங்கே பால் வாளிகள் தொங்கும் தோள்கம்பை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் கீழ் டிவிசனில் மரம் வெட்டும் அங்கம்மா. வாளிகள் கவிழ்ந்து பால் சாலையெல்லாம் ஓடியது. சக்கரம் அவள் காலில் ஏறியது. செல்லப்பனின் லாரியில் அவளை ஏற்றி, அவள் தலையைத் தங்கள் மடியில் வைத்துக்கொண்டு, அல்பாக்கா கோட்டெல்லாம் இரத்தமாக ஆஸ்பத்திரி வரை சென்றீர்கள். அன்று தங்கள் முகத்தைப் பார்த்த யாருக்கும் தங்களைத் திட்ட வாய் வரவில்லை. அதனால்தான் அந்தத் திட்டெல்லாம் சேர்ந்து இன்று மடலாகியிருக்கிறது.

வழக்கு வந்தது. வக்கீல் ஒரு வழி சொன்னார்: வண்டியை ஓட்டியது லைசென்ஸ் உள்ள டிரைவர் என்றால் குற்றத்தின் பாரம் குறையும். செல்லப்பன் உடனே எழுந்து, "நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடுறேன்யா. உங்களுக்கு இந்த வயசுல கோர்ட்டு கச்சேரி வேணாம்யா" என்றார். அப்போது தாங்கள் சீறியதை நம் அலுவலகத்தின் சுவர்கள்கூட மறக்கா. "உன் லைசென்ச புடுங்கிட்டா உன் வீட்டுல ஒல பொங்குமா? பேசாம போய் லாரியப் பாரு." மன்றத்தில் தாங்களே ஓட்டியதாகத் தாங்களே சொன்னீர்கள். சத்தியசீலரே, அந்த ஒரு நொடியில் எங்கள் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியிலேயே, எந்த உரிமையில் ஓட்டினீர் என்று நீதிபதி கேட்க, தாங்கள் இரண்டு பக்கத்து மரங்களைப் பற்றி ஆரம்பித்தீர்கள். துபாஷி அதை மொழிபெயர்க்கக் கூசித் தங்களையே பார்த்தார். அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கக் கூடாதா ஐயா?

லைசென்ஸ் இல்லாததற்கு ஓர் அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு மற்றோர் அபராதம். மேற்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது என்று தடை. இவையெல்லாம் ஒருநாள் தலைகுனிவோடு போயிருக்கும். ஆனால் அங்கம்மாவின் கால் அப்படிப் போகவில்லை. எலும்பு கோணலாகக் கூடியது. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி மரம் வெட்ட இனி அவளால் ஆகாது. மருத்துவச் செலவு, போன கூலி, இனி வரவேண்டிய கூலி எல்லாவற்றுக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கம்பெனி கொடுத்திருக்கும். தோட்டமோ, சொந்த வண்டி, எல்லைக்கு வெளியே நடந்தது என்று கை விரித்துவிட்டது. மிஞ்சியவர் தாங்கள் ஒருவரே. இருபத்தாறு ஆண்டுச் சேமநிதியும் துரை முன்கூட்டியே அளித்த ஓய்வுக் கொடையும் அப்படியே அங்கம்மாவிடம் போய்ச் சேர்ந்தன. முகம் சுளிக்காமல் கொடுத்தீர்கள். தவணை கேட்கவில்லை, பேரம் பேசவில்லை. அதற்காகத் தங்களை வணங்குகிறோம்.

ஆனால் தங்கள் வாழ்க்கைத் துணைவியார் வேதநாயகி அம்மையார்? மூவாரில் ஆற்றோரமாக ஒரு சிறு வீடு வாங்கி, ஓய்வுக் காலத்தை அங்கே கழிக்கலாம் என்று இருந்தவர் அவர். அங்குள்ள தச்சரிடம் முன்கூட்டியே ஓர் அலமாரிகூடச் செய்யக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தந்த அன்று, எங்கள் வீட்டுப் பெண்கள் ஆறுதல் சொல்லப் போனார்கள். "அலமாரி செஞ்சு முடிச்சிட்டாங்களாம். வைக்கத்தான் வீடு இல்ல" என்று சொல்லிச் சிரித்தாராம். அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்போம் என்றார்கள் அவர்கள். நாளை தாங்கள் இருவரும் மூவாரில் அம்மையாரின் தம்பி வீட்டு ஒற்றை அறைக்குக் குடிபோகிறீர்கள். எங்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இத்தனைக்குப் பிறகும், அடங்காச் சிங்கமே, தாங்கள் என்ன செய்தீர்கள்? போன வாரம் பச்சை வண்டிக்குப் பெட்ரோல் நிரப்பினீர்கள். மூவார் வரைக்கும் தாங்களே ஓட்டிச் செல்வதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். தடை இருக்கிறதே என்று சின்னக் கிராணி கேட்டதற்கு, "விடியக் காலையில யாரு வந்து நிக்கப் போறா? மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது" என்றீர்கள். அலமாக்! இதற்கு இலக்கணத் தமிழில் எமக்குச் சொல் கிடைக்கவில்லை.

ஓய்வு பெறுவோருக்குத் தங்கக் கடிகாரம் அளிப்பது இத்தோட்டத்து வழக்கம். தங்களுக்கும் வாங்கியிருந்தோம். அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் தங்கள் மோட்டாருக்கு ஓராண்டு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம். ஓட்டுபவர் என்ற இடத்தில் செல்லப்பனின் பெயர் இருக்கிறது. பொன்னாடைக்குக் கீழே தங்கள் கையில் வைக்கப்போகும் கடித உறை அதுதான். தங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் இந்த யோசனை எங்களுடையது அல்ல.

தாங்கள் பெட்ரோல் நிரப்பிய செய்தி கேட்டு, ஊன்றுகோலோடு அலுவலகத்துக்கு வந்தாள் அங்கம்மா. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "ஐயா நல்லவருங்க. எனக்குக் குடுக்க அவருகிட்ட இருந்துச்சு, குடுத்துட்டாரு. இப்ப அவரு கையில ஒண்ணுமில்ல. போற வழியில இன்னொருத்திய இடிச்சிட்டா, அவளுக்கு என்னத்தக் குடுப்பாரு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியையே இம்மடலோடு தங்களிடம் ஒப்படைக்கிறோம். பதில் தங்களுக்குத் தெரிந்தால், நாளைக் காலை தாங்களே ஓட்டிச் செல்லுங்கள், நாங்கள் மறிக்கமாட்டோம். தெரியவில்லையென்றால், பின் இருக்கையில் அம்மையார் பக்கத்தில் அமருங்கள்.

அங்ஙனம் அமர்ந்து, நோயும் நொடியும் நும்மை அணுகாது, சுற்றமும் நட்பும் சூழ, நெடுங்காலம் நிறைவாழ்வு வாழ நெஞ்சார வேண்டுகிறோம்.

தங்கள் மீது கோபமும் அன்பும் குறையாத,
ஹெதர்வுட் தோட்டத்து ஊழியர்களும் தொழிலாளர்களும்

எழுதி வாசித்தவன்: மா. சதாசிவம், தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆசிரியன்
கூலாய், ஜோகூர், 1939