சன்னலோரக் கட்டில்

இல்ல மிஸ்ஸி, கிளினிக் நர்சா இருந்தாலும் உள்ள விட முடியாது. கோவிச்சுக்காத. வெயில் தாங்கலன்னா அந்த ரம்புத்தான் மரத்து நெழலுக்குத் தள்ளி நில்லு. பூட்டத் தொறக்க மட்டும் சொல்லாத. ஆமா, சிவானந்தம் வீடு இதுதான். நான் நவமணி, தமிழ்ப்பள்ளியில டீச்சரா இருந்து ரிட்டயரானவ. அவரு எனக்கு மூத்தாரு, எங்க வீட்டுக்காரரோட அண்ணன். ஆமா, கால்ல புண்ணுதான். ஆமா, சக்கரதான். ஆனா உங்க கவர்மெண்ட் மருந்து இந்த வீட்டு வாசப்படி ஏறாது. நான் சொல்லலம்மா. அவரு சொன்னது.

யாரு உங்க கிளினிக்குக்குப் போன் பண்ணுனது? பேரு சொல்லலையா? பொம்பளக் குரலா? இந்தத் தாமான் குடியிருப்புல பொம்பளைங்களுக்கா பஞ்சம். புக்கிட் பெருந்துங்ல பாதி வீடு காலியாக் கெடக்கு, மீதி வீட்டுல இருக்கிறவங்களுக்கு அடுத்த வீட்ட எட்டிப் பாக்குறதுதான் வேல. எவளாச்சும் நாத்தம் தாங்காமப் பண்ணியிருப்பா.

உனக்கும் வருதா? அது நாத்தமில்ல மிஸ்ஸி. ஒடம்புல சேந்த விஷம் வெளிய போகுது. நாத்தம் கூடக் கூட சொகமாகப் போகுதுன்னு அர்த்தம். மூக்கப் பொத்தாத, இதுவும் அவரு சொன்னதுதான். ஃபேஸ்புக் லைவ்ல சொன்னாரு. கெர்லிங்லேர்ந்து கோல சிலாங்கூர் வரைக்கும் கேட்டாங்க. எல்லாரும் கைகூப்புற பொம்ம போட்டாங்க.

நீ சின்னப் பொண்ணு துளசி, உனக்கு இதெல்லாம் புரியாது.

உன் பேரா? உன் பேரு எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குற? உன் சட்டையில பேர்ப்பட்ட திரும்பித்தான் கெடக்கு, நானும் பாத்தேன். அப்புறம் சொல்றேன். நல்ல பேரு, மூலிகப் பேரு. எங்க மூத்தாரு நல்லா இருந்தா உன்னையே கஷாயம் வச்சுப் போத்தல்ல ஊத்தி வித்திருப்பாரு.

சிரிக்கலாம்லா. சிரிச்சா சக்கர எறங்கும்னு ஒரு லைவ்ல சொல்லியிருக்காரு.

அந்த லைவப் பாத்திருக்கியா? பாத்திருக்கணும் நீ. ஞாயித்துக்கெழம காலையில இந்த ஹால்லதான் நடக்கும். பின்னால முருகன் படம், முன்னால மேச, மேசையில வரிசையாப் போத்தலு. மிசாய் கூச்சிங் எல கிட்னிக்கு, துரியான் பெலண்டா எல கேன்சருக்கு. ரெண்டும் ஒரே சட்டியிலதான் கொதிக்கும். சட்டி கழுவுனவ நான், எனக்குத் தெரியாதா. நடுவுல ஒரு பாட்டுப் பாடுவாரு, பழைய சித்தரு பாடுனதாம். வெண்பா மாதிரி ஆரம்பிக்கும், ரெண்டாவது அடியிலேயே தள தட்டும். அதுகூடப் போகட்டும். பாட்டுக்குள்ள கிட்னின்னு ஒரு வார்த்த வருது. சித்தருக்குக் கிட்னின்னா என்னன்னு எப்படித் தெரிஞ்சிச்சு மூத்தாரேன்னு கேட்டேன். ஞான திருஷ்டிம்மா, வருங்காலத்த முன்கூட்டியே பாத்துட்டாருன்னாரு. நானும் அதுக்கு மேல கேக்கல. முப்பது வருஷம் பிள்ளைங்க சொன்ன சாக்கையெல்லாம் கேட்டவ, நல்ல சாக்கு வந்தா மதிப்பேன்.

வைத்தியர் ஐயாம்பாங்க அவர. வாழ்க்கையில பாதி கவர்மெண்ட் வடிகால் எலாகாவுல ஜீப் ஓட்டுனவரு. மாசம் பொறந்தா பென்ஷன் அங்கேர்ந்துதான் வருது. அதுல ஒரு காசு விஷமில்ல. பென்ஷன் குடுக்குற கவர்மெண்ட் வேற, ஊசி போடுற கவர்மெண்ட் வேற போல இருக்கு.

இரு, இரு. கேள்வியா கேட்டுத் தள்ளாத. காய்ச்சலா? இருக்கு. நடுக்கமா? ராத்திரியில இருக்கு. காலு எதுவரைக்கும் கறுத்திருக்கா? கணுக்காலத் தாண்டிருச்சு. இப்பவே தூக்கிட்டுப் போகணும்னு சொல்லுவ. தெரியும். போனா வெட்டுவீங்க, அதுவும் தெரியும். மொதல்ல வெரலு, அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இத்தன காலு வெட்டணும்னு மேலேர்ந்து கணக்கு வருதாம். நம்ம ஆளுங்க காலுன்னா கேக்குறதுக்கு நாதியில்லன்னு மொதல்ல அத எடுப்பீங்களாம்.

பொய்யா? நான் எப்பம்மா மெய்யின்னு சொன்னேன். அவரு சொன்னதச் சொல்றேன்.

ஆனா ஒண்ணு. நம்ம சனங்க பயப்படுறதுல ஞாயமே இல்லன்னு சொல்லிடாத. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்துல லயத்துல பொறந்து வளந்தவங்க இவங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும். தோட்டத்து டிரெஸ்ஸரு தலவலிக்கும் செவப்புத் தண்ணி குடுப்பாரு, பேதிக்கும் அதே செவப்புத் தண்ணி. இவங்கப்பா நடந்து போயி பெஞ்சில உக்காந்தவரு, பாயில சுத்தித்தான் வந்தாரு. ஏன்னு கேட்டா சொல்ல ஆளில்ல. தோட்டத்த வித்தப்ப வீடு தர்றோம்னு ஒருத்தரு கோட்டு போட்டு வந்தாரு, மால போட்டோம், கல்லு நட்டுட்டுப் போனாரு. அந்தக் கல்லு இன்னும் இருக்கு, ஆடு படுத்துக்குது. இப்படியெல்லாம் பாத்தவங்ககிட்ட நீ வெள்ளச் சட்ட போட்டு வந்து வெரல வெட்டணும்னு சொன்னா எப்படி நம்புவாங்க? பயம் ஞாயந்தான் மிஸ்ஸி. அந்தப் பயத்தயும் போத்தல்ல அடச்சு வித்தாரு பாரு, அங்கதான் எனக்கு அவரப் பாத்து ஆச்சரியம்.

புண்ணு எப்படி வந்துச்சா? தீமிதியில. கோயில் திருவிழாவுல மஞ்ச வேட்டி கட்டிக்கிட்டு எறங்குனாரு. மத்தவங்கல்லாம் ஓடுனாங்க, இவரு பூப்பறிக்கப் போறவரு மாதிரி நடந்தாரு. கரையேறி, எனக்குச் சுடவே இல்ல பாத்தீங்களா, எல்லாம் நம்ம எலச்சாறு பண்ணுற வேலன்னு அங்கேயே லைவ் போட்டாரு. எல்லாரும் விழுந்து கும்புட்டாங்க. சக்கரக்காரன் காலு, அது செத்து எத்தன வருஷமாச்சோ, அதுக்கு எப்படிச் சுடும்? நீ படிச்சவ, உனக்குத் தெரியுது. எனக்கும் தெரிஞ்சுச்சு. காலுக்கு அடியில கொப்புளம் வெடிச்சு, படியெல்லாம் செவப்பா அடையாளம் வச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள ஏறுனாரு. அவருக்குத் தெரியல. நான் மாப்பு எடுத்துத் தொடச்சேன்.

என்ன வைத்தியம் பாக்குறேன்னா? அவரு வைத்தியந்தான். வேப்பங்கொழுந்து, மஞ்ச, தேனு அரச்சுப் பத்துப் போடுறேன். வலி இப்ப முட்டிக்கு ஏறிருச்சு, கத்துறாரு. எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம் மூத்தாரேங்கிறேன். சோறு கெடையாது, சாறுதான். மாத்திர கெடையாது. போனையும் எடுத்து வச்சிட்டேன். போன்லேர்ந்து வர்ற கதிரு புண்ண ஆற விடாதுன்னு லைவ்லயே சொல்லியிருக்காரு, அத நான் மீறலாமா. சிங்கப்பூர்ல இருக்கிற மகன் அப்பாவ ஏன் லைவ்ல காணோம்னு எனக்குப் போன் போட்டுக் கேட்டான். மௌன விரதம்ப்பான்னேன். நல்லதுன்னு சொல்லி வச்சுட்டான்.

இன்சுலினா?

அது ஒரு கத மிஸ்ஸி. இன்சுலின் ஒருக்காப் போட்டா சாகுற வரைக்கும் அடிமன்னு அவரு சொல்லிச் சொல்லியே எத்தன பேரு விட்டாங்க. எங்க வீட்டுக்காரரு மகேந்திரனும் விட்டாரு. அவருக்குச் செருப்புக் கடிதான். சின்னப் புண்ணு. ஆஸ்பத்திரியில ஒரு வெரல எடுத்தாப் போதும்னாங்க. அண்ணன் வேணாம்னாரு, இவரு சரின்னாரு. அண்ணன் சொன்னா இவருக்கு அதுதான் வேதவாக்கு. மார்கழி முடியுறதுக்குள்ள போயிட்டாரு.

கருமாதி முடிஞ்சு அடுப்படியில இருக்கிற ஐஸ்பெட்டியக் கழுவுனேன். பின்னால, மாவு டப்பாவுக்கு அந்தாண்ட, மூத்தாரோட ஓமப்பொட்டலம் இருக்கிற டின்னு. தொறந்தா உள்ள இன்சுலின் பேனா. அட்டையில அவரு பேரு. ஆமாம்மா, வைத்தியர் ஐயா பேரு. கோலா குபு பாரு ஆஸ்பத்திரியில எடுத்திருக்காரு. இங்க எடுத்தா நம்ம ஆளுங்க கண்ணுல படும்ல, அதான் அவ்வளவு தூரம். தம்பி எலச்சாறு குடிச்சுக்கிட்டு இந்தச் சன்னலோரத்துல அழுகிக்கிட்டுக் கெடக்குறப்ப, அண்ணன் குளியலறக் கதவச் சாத்திக்கிட்டு வயித்துல குத்திக்கிட்டு இருந்திருக்காரு.

கேக்கல. அவருகிட்ட ஏன் கேக்கணும்? டின்ன இருந்த எடத்துலயே வச்சேன். தீமிதிக்கு அப்புறம் அவரு படுத்த படுக்கையானாரு பாரு, அன்னிக்குத்தான் எடுத்துத் தோட்டிக்காரன் லோரியில போட்டேன். நாலு பேரு பாக்க வர்ற வீடு. வைத்தியர் ஐயா பேர நான் காப்பாத்த வேணாமா?

அப்படிப் பாக்காத மிஸ்ஸி. நான் ஒரு வைத்தியத்தயும் புதுசாக் கண்டுபிடிக்கல. எல்லாம் அவரோடதுதான். தம்பிக்குக் குடுத்தத அண்ணனுக்குக் குடுக்குறேன், அளவு கூடக் கொறையாம.

அந்தச் சத்தமா? அவருதான். தண்ணி குடிக்கிற தகர மங்கால சன்னல்ல தட்டுறாரு. தொண்ட கட்டிப் போச்சு, பேச்சு வரல. கட்டில அங்க நான்தான் போட்டேன், காத்து வரட்டும்னு. தண்ணி கேக்கலம்மா, தண்ணி பக்கத்துலயே இருக்கு. உன்னையத்தான் கேக்குறாரு. முந்தாநேத்து வரைக்கும் குரல் இருந்துச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ நவமணி, கால வெட்டுனாலும் பரவால்லன்னு அழுதாரு. காய்ச்சல் வேகத்துல ஒளறுறீங்க மூத்தாரேன்னு நெத்தியில ஈரத்துணி போட்டேன். எங்க வீட்டுக்காரரு அப்படிக் கேட்டப்ப அவரும் அதத்தான் சொன்னாரு, அதே மாதிரிதான் துணி போட்டாரு.

கத்தாத துளசி. போலீசக் கூட்டிட்டு வருவியா? வா. டாக்டரக் கூட்டிட்டு நாளைக்கு வர்றியா? சரி. அத மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. எனக்கில்ல, எனக்குக் காது நல்லாக் கேக்கும். அந்தச் சன்னலப் பாத்துச் சொல்லு.

என்ன, மொகம் மாறுது? இதே எடத்துல நின்னு இதையே எப்பவோ சொன்ன மாதிரி இருக்கா? சொன்ன. போன வருஷம். எத்தன வாசல்ல நிக்கிறவ நீ, மறந்திருப்ப. அன்னிக்கு நான் நிக்கிற எடத்துல அவரு நின்னாரு. கட்டில்ல எங்க வீட்டுக்காரரு, தலமாட்டுல நான். இன்னிக்கு உங்கிட்ட நான் பேசுனதுல முக்கால்வாசி அன்னிக்கு அவரு உங்கிட்டப் பேசுனது. டீச்சர் வேல பாத்தவளுக்கு மனப்பாடம் சுளுவா வரும். நாத்தம் விஷம் வெளிய போறது, காலுக்குக் கணக்கு, எல்லாம் வரி மாறல. நீயும் வரி மாறல. அக்கா, என் பேரு துளசி, டாக்டரக் கூட்டிட்டு நாளைக்கு வர்றேன்னு உள்ள பாத்துக் கத்துன. அப்பத்தான் உன் பேரு எனக்குத் தெரிஞ்சுச்சு.

அப்புறம் வேன் கதவு சாத்துன சத்தம். வேன் சந்து முன திரும்புற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு கண்ண மூடல. மிஸ்ஸி போயிருச்சான்னு என்னையக் கேட்டாரு. போயிருச்சுன்னேன். அதுக்கப்புறம் அவரு ஒண்ணும் கேக்கல, தண்ணி கூட.

நீ வந்த, நான் இல்லன்னு சொல்லல. சொன்ன வார்த்தய மீறாம மறுநாளே வந்த. வாசல்ல பந்தல் போட்டிருந்துச்சு, வேன எறங்காமயே திருப்பிட்ட.

அழாத. உன்னைய அழ வைக்கவா கூப்பிட்டேன். ஆமாம்மா, போன் பண்ணுனது நான்தான், வேற யாரு பண்ணுவா. நீ வரணும், வெளியவே நின்னு கெஞ்சணும், வேன் கதவச் சாத்திட்டுப் போகணும். படுத்துக்கிட்டு அவரு அதக் காதால கேக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

கேட்டுச்சுங்களா மூத்தாரே? மிஸ்ஸி கெளம்புது.

பாத்தியா, மங்குச் சத்தம் நின்னுருச்சு.

சரி, நீ போ. ஏன் இன்னும் பூட்டையே பாத்துக்கிட்டு நிக்குற? அதுக்குச் சாவியே இல்ல மிஸ்ஸி, தொலஞ்சு ரொம்ப நாளாச்சு. கொக்கியில சும்மா தொங்குது. தள்ளுனாத் தொறந்துக்கும்.

அன்னிக்கும் அப்படித்தான் தொங்குச்சு.