சீராகக் கொடுத்த டிவி

என் வீட்டில் யாரும் என்னைப் பெரிதாகத் திட்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீடியோ கேம் சேர்க்கும் நம் குழுவில், வீட்டாரும் நண்பர்களும் இந்தப் பழக்கத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். இதுவரை வந்தவற்றை எல்லாம் படித்தேன். ஒருவருடைய மனைவி கேசட்டுகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாளாம். இன்னொருவர் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துக் காலம் தள்ளுகிறாராம். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நான் கொடுத்து வைத்தவன்.

நான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரன், பெயர் தனபால். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. நாற்பத்தாறு வயது. என் மனைவி சித்ரா, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "ஊரு ஊட்ல புள்ளைங்க வெளையாடும், எங்கூட்ல அப்பன் வெளையாடறாருங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கார் பந்தயக் கேசட்டைப் போட்டுவிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டாள். என்னைவிடக் கை தேர்ந்தவள். தோற்றால் மட்டும், ரிமோட் சரியில்லை என்பாள்.

கம்பெனியில் எனக்குக் கேசட் தனபால் என்று பெயர் வைத்தவன் அப்புசாமி. பக்கத்து மெஷின்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்டல் செய்வதற்குக் கூடுதலாக ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வந்தான். காலையில் வந்தவன் இருட்டுகிற நேரத்துக்குத்தான் போனான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. அவனுக்குப் பிடித்தது துப்பாக்கி ஆட்டம். கையில் பிளாஸ்டிக் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு டிவியில் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும். ஐம்பது வயது ஆள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும் நீங்கள். அவ்வளவு சந்தோஷம் எங்கள் வீட்டில் இருந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தத் துப்பாக்கி பழைய டியூப் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும். புது டிவியில் நூறு முறை சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது. போன வருடம் ஐப்பசியில், துலா மழையில் இடி விழுந்து என் டியூப் டிவி போய்விட்டது. சித்தூர், பாலக்காடு, கோயம்புத்தூர் வரைக்கும் அலைந்தேன். இருந்ததெல்லாம் டியூப் உடைந்ததும் படம் சுருங்கினதும்தான். அப்புசாமி மூன்று ஞாயிறு வந்து, வெறுமனே டீ குடித்துவிட்டுப் போனான். நான்காவது ஞாயிறு வரவில்லை. சித்ராவும் சீரியல் பக்கம் போய்விட்டாள். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நல்ல டியூப் டிவி ஒன்றே ஒன்று எனக்குத் தெரிந்த இடத்தில் இருந்தது. எங்கள் அக்கா மருதாத்தாள் வீட்டில். இரண்டு தெரு தள்ளி. அத்தான் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அக்கா தனியாக இரண்டு மாடு வைத்துக்கொண்டு, சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காமல் இருந்தாள். ஒரே பெண் மௌனிகா கொச்சியில், பதினோராவது மாடியில் இருக்கிறாள். வந்து கூட இரு என்று மௌனிகா ஆயிரம் முறை கூப்பிட்டும் அக்கா, "மாட்டையும் மேல கூட்டீட்டு வரலாமா சாமி?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

அந்த டிவியை அக்கா வீடு குடிபுகுந்தபோது சீராகக் கொடுத்தது நான்தான். மேளத்தோடு, தட்டத்தோடு, மாலை போட்டு எடுத்துப் போனோம். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவன் சீராகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது கிடையாது. கேட்டால் பிறந்த வீட்டு உறவையே திருப்பிக் கேட்டது மாதிரி. பதிலுக்குப் பெரிய டிவி வாங்கித் தருகிறேன் என்றும் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "நீ போட்ட சீரு, எங்கட்டை போற வரைக்கும் இங்கதான் இருக்கும்" என்று துடைத்து வைத்தாள். நான் முறை தெரிந்தவன். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

அக்காவே வேண்டாம் என்று சொன்னால் ஒழிய வழியில்லை. டிவிக்குப் பின்னால், மூடியைக் கழற்றினால், படத்தின் தெளிவைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. ஞாயிறு தோறும் தூசி தட்டித் தருகிறேன் என்று போவேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் அதை ஒரு மயிரிழை திருப்பி வைப்பேன். படம் மங்கினால் டிவி கெட்டுப்போனது என்று நினைத்துத் தூக்கிப் போடுவாள், நான் எடுத்துக்கொள்வேன் என்பதுதான் கணக்கு. யாருக்கும் நஷ்டம் இல்லை.

அக்கா அப்படி நினைக்கவில்லை. தம்பி கொடுத்த டிவி கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏந் தம்பி, இந்த எழுத்தெல்லாம் உனக்குத் தெளிவாத் தெரியுதா?"

இதை நான் மறைக்க விரும்பவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

"எனக்கு நல்லாத் தெரியுதுங்கக்கா."

அதற்குப் பிறகு திருகாணிக்கு அவ்வளவாக வேலை இருக்கவில்லை. மீதியை அக்காவின் பயம் பார்த்துக்கொண்டது. பாலக்காட்டுக்குக் கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். வயசுக்குத் தகுந்த மாதிரி லேசாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார். டாக்டர் என்னிடம் மட்டும் வேறு ஏதோ சொல்லியிருப்பார் என்று அக்கா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது.

பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்க ஆள் தேடினாள். மௌனிகா லீவு போட்டு வந்து, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே, இனி ஒரு நாளும் தனியாக விடமாட்டேன் என்று அழுதாள். மாடுகளை வாங்கினவர் பிடித்துப் போன அன்று அக்கா வெளியே வரவில்லை. கொச்சிக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "இந்த டிவியை நீயே வெச்சுக்க தம்பி. எனக்கு இனி எதுக்கு" என்றாள். நான் முறைப்படி இரண்டு தடவை வேண்டாம் என்று சொன்னேன். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டேன். சீரைத் திருப்பிக் கேட்டான் என்று ஒரு சொல் என் மேல் வராது.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டே நிமிடத்தில் படத்தைச் சரி செய்தேன். அடடா, என்ன நிறம், என்ன தெளிவு. அந்த ஞாயிறு அப்புசாமி வந்து சுட்ட சூட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சித்ரா வடை சுட்டாள். இவ்வளவு பேர் சிரிக்கிற ஒரு வீட்டில் ஒரு தவறு நடந்திருக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. அக்கா கொச்சியிலிருந்து போன் செய்தாள். குரலே மாறியிருந்தது. அங்கே டிவியில் எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறதாம், மருந்து பிடித்துவிட்டதாம். கார்த்திகை நோம்பிக்கு வருகிறேன், வந்தால் அப்படியே இருந்துவிடுகிறேன், ஒரு மாடு மட்டும் பார்த்து வை என்றாள். வந்தால் வெறும் வீட்டில் சும்மாவா இருப்பாள்? சீரைத் திருப்பித் தரச் சொல்லமாட்டாள்தான். ஆனால் தராமல் வைத்துக்கொண்டால் ஊர் என்னை என்ன சொல்லும்?

அவள் வருவதற்கு முன்பு திருகாணியைப் பழையபடி மங்கலுக்குத் திருப்பி வைத்தேன். வந்த அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்ததும், அவளாகவே டிவியைப் போடச் சொன்னாள். ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். சித்ரா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அங்க தெரியறது இங்க தெரியல தம்பி. இந்த ஊரு எனக்கு இனி ஆகாதாட்ட இருக்குது."

மாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தவரிடம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். மறுநாள் காலை பாலக்காட்டில் கொண்டுபோய்க் கொச்சி பஸ்ஸில் உட்கார வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள். அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லி, நான்தான் நிறுத்தினேன்.